பாலர் உளங்கண்ட மொண்டிசோரி அம்மையார்

பெரியோர் சிலர் மறைந்தபின் அவர் பெயரை வீதிக்கு இடுகிறோம். சிலர் பெயரை மண்டபத்துக்கு இடுகிறோம். ஆனால் ஒருவருடைய பெயரே ஒரு பொருளின் பெயராக மாறி, மூன்று வயதுப் பிள்ளையின் வாயில் நாள்தோறும் புழங்குவது மிக அருமை. கண்டி வீதியிலே கடுகண்ணாவை ஏற்றத்திற் காலை வேளையிற் செல்வோர், தோளிலே சிறு பையும் கழுத்திலே தண்ணீர்ப் போத்தலுமாகத் தாயின் விரலைப் பற்றி நடக்கும் பாலரைக் காண்பர். எங்கே பயணம் என்று வினவினால், தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் மொண்டிசோரிக்குப் போவதாகவே விடை கூறும். அது ஓர் அம்மையாரின் பெயர் என்பதையும், அவர் ஒரு வைத்தியர் என்பதையும், அயலிலுள்ள தமிழ் நாட்டிலே பல ஆண்டுகள் வாழ்ந்து இந்த இலங்கைக்கும் வந்து போனவர் என்பதையும் அப்பிள்ளை அறியாது. கூட்டிச் செல்லும் தாயும் பெரும்பாலும் அறியாள். அப்பெருமாட்டியின் வாழ்வை நம் சங்கத்து வாலிபரும் பெரியோரும் ஒருங்கே சிந்திக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் கல்வியும்

மரியா மொண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 31ஆம் திகதி, இத்தாலி நாட்டிலே கியாரவல்லே என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அரசாங்க உத்தியோகத்தர். பழைய வழக்கங்களிற் பற்றுடையவர். தாயார் நூல்களை விரும்பிக் கற்றவர். மரியா சிறுமியாக இருந்தபோதே குடும்பம் உரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தது.

அக்காலத்தில் அந்நாட்டுப் பெண்ணொருத்தி மேற்படிப்புப் படித்தால் ஆசிரியை ஆகலாம். அதற்கப்பால் வழி கிடையாது. தம் மகளும் ஆசிரியையாக வேண்டும் என்றே தந்தையார் விரும்பினார். மகளோ ஆசிரியத் தொழில் மட்டும் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். ஆண் பிள்ளைகள் கற்கும் தொழில்நுட்பப் பாடசாலையிற் சேர்ந்து கணிதம் பயின்றார். பின்னர் வைத்தியம் கற்பதெனத் துணிந்தார். தந்தையார் தடுத்தார், தாயார் துணை நின்றார். உரோமாபுரிச் சர்வகலாசாலையிலே ஆண் மாணவருடன் சேர்ந்து ஒரு பெண் பிரேதத்தை அறுத்துக் கற்பது தகாது என்று கருதப்பட்டமையால், மற்றை மாணவர் யாவரும் சென்றபின், மாலைப் பொழுதிலே தனியாக அந்த அறையில் இருந்து அவர் தம் பாடத்தைக் கற்றார். 1896ஆம் ஆண்டில் வைத்தியப் பட்டம் பெற்று வெளியேறினார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதற் சில பெண்களுள் அவரும் ஒருவர். அதே ஆண்டிற் பெர்லின் நகரில் நடைபெற்ற மாதர் மகாநாட்டிலே, ஒரே வேலை செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி வழங்க வேண்டும் என்று பேசினார்.

ஆசிரியத் தொழில் வேண்டாம் என்று ஓடியவரை அத்தொழிலே தேடி வந்து பற்றிக்கொண்டது. அது வந்த வழி வைத்தியசாலை வழியாகும்.

சித்த சுவாதீனம் குன்றியோரை வைத்துப் பராமரிக்கும் விடுதிகளை அவர் உத்தியோக முறையிற் சென்று பார்வையிடுவதுண்டு. அறிவு வளர்ச்சி குன்றிய சிறுவரும் அங்கே பெரியோருடன் அடைக்கப்பட்டிருந்தனர். ஒருநாள், உணவு முடிந்ததும் அச்சிறுவர் நிலத்திற் சிந்திய ரொட்டித் துகள்களைப் பொறுக்கி உருட்டிக்கொண்டிருந்தனராம். பசியால் அவ்வாறு செய்கின்றனர் என்று காவற்காரி வெறுப்புடன் கூறினாள். மொண்டிசோரி அம்மையார் அந்த வெற்றறையைச் சுற்றிப் பார்த்தார். கையிலெடுத்து விளையாட ஒரு துரும்புதானும் அங்கு இல்லை. அக்குழந்தைகளின் பசி வயிற்றுப் பசி அன்று, கைகளின் பசி, அறிவின் பசி என்பதை அவர் உணர்ந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

அதன்பின் இத்தகைய சிறுவருக்காகப் பாடுபட்ட இதார், செகன் என்னும் பிரெஞ்சு வைத்தியர் இருவரின் நூல்களை அவர் ஆழ்ந்து கற்றார். அவற்றைத் தம் கைப்படவே மொழிபெயர்த்து எழுதினார். 1900ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு பயிற்சிக் கழகத்தின் தலைமையையும் ஏற்றார். ஒன்றுக்கும் உதவார் என்று தள்ளப்பட்ட சிறுவர் சிலர் அவரிடம் பயின்று, ஏனைய பிள்ளைகள் எழுதும் பரீட்சையிலே எழுத்திலும் வாசிப்பிலும் தேறினர். ஊரார் வியந்தனர். அம்மையாரின் மனத்திலோ வேறொரு கேள்வி எழுந்தது. குறையுள்ள பிள்ளைகள் இவ்வளவு தூரம் வந்தார்கள் என்றால், குறையற்ற பிள்ளைகள் இதே அளவில் நின்றுவிடுவதற்குக் காரணம் யாது? அவர்களை எது அழுத்தி வைத்திருக்கிறது? அவருடைய வாழ்நாள் முழுவதும் இந்தக் கேள்விக்குத் தேடிய விடைதான்.

தாயின் துயரம்

இவ்விடத்தில் ஒரு செய்தியை மறையாது சொல்லவேண்டும். 1898ஆம் ஆண்டில் அம்மையாருக்கு ஓர் ஆண் மகவு பிறந்தது. தந்தை, அவருடன் பணிபுரிந்த வைத்தியர். விவாகம் நடைபெறவில்லை. அக்காலச் சமூகத்துக்கு அஞ்சி, மரியோ என்னும் அக்குழந்தை நாட்டுப்புறத்திலே ஒரு குடும்பத்தாரிடம் வளர விடப்பட்டது. அம்மையார் இடையிடையே சென்று பார்ப்பார். தாம் யார் என்று சொல்லமாட்டார். உலகத்துக் குழந்தைகளின் உள்ளத்தைக் கண்டறிந்தவர் தம் குழந்தை நடை பயில்வதை நாள்தோறும் காணும் பேறு பெறவில்லை. பதினைந்து வயதளவிலேதான் அம்மகன் தாயிடம் வந்து சேர்ந்தான். வந்தவன் அவர் கண்மூடும்வரை பிரியவில்லை. இதனைக் குறையென்று தூற்றுவோரும் உளர். பிள்ளையைப் பிரிந்திருந்த அத்துயரத்தை அவர் தம் பணிக்குள்ளே வைத்து ஆற்றினார் என்று எண்ணுவதே நமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

சான் லொரென்சோவில் ஓர் அறை

உரோமாபுரியிலே சான் லொரென்சோ என்பது ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பகுதி. ஒரு கட்டடக் கம்பனி அங்கிருந்த பழைய மாடிகளைத் திருத்தித் தொழிலாளர் குடும்பங்களைக் குடியேற்றியது. தாயும் தந்தையும் காலையில் வேலைக்குப் போய்விடுவர். பாடசாலை வயது வராத பிள்ளைகள் படிக்கட்டிலும் முற்றத்திலும் திரிந்து, புதிதாக வெள்ளையடித்த சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினர். சுவரைக் காப்பாற்ற எண்ணிய கம்பனியார், பிள்ளைகளை ஓர் அறையிற் சேர்த்து வைக்க ஒருவர் தேவை என்று அம்மையாரை நாடினர். அவர் இசைந்தார். 1907ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 6ஆம் திகதி, ஏறக்குறைய ஐம்பது பிள்ளைகளுடன் அந்த அறை திறக்கப்பட்டது. அதற்குக் குழந்தைகள் இல்லம் என்று பெயரிட்டனர்.

நம் மலைநாட்டு அன்பர்கள் இவ்விடத்தே ஒரு கணம் நின்று எண்ண வேண்டும். விடியுமுன் கொழுந்து பறிக்கச் செல்லும் தாய், இடுப்பிலுள்ள பிள்ளையை ஆயம்மாவிடம் விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பரா நமக்குப் புதியதன்று. சான் லொரென்சோவும் ஒருவகைப் பிள்ளைக்காம்பராவாகவே தொடங்கிற்று. நோக்கம் பிள்ளை அன்று. வேலை தடைப்படாமையும் சுவர் கெடாமையுமே நோக்கம். அந்த அறைக்குள் குழந்தையை உற்று நோக்கத் தெரிந்த ஒருவர் நுழைந்தமையால், உலகக் கல்வியின் வரலாறே மாறிற்று.

அவர் அங்கே பெரிய பாடத்திட்டம் எதனையும் கொண்டு செல்லவில்லை. வைத்தியர் நோயாளியின் முகத்தையும் நாடியையும் கவனிப்பது போலப் பிள்ளைகளைக் கவனித்தார். கண்டவற்றைக் குறித்தார். மூன்று வயதுச் சிறுமியொருத்தி ஒரு மரக்கட்டையிலுள்ள குழிகளில் வெவ்வேறு பருமனுள்ள உருளைகளைப் பொருத்திக் கொண்டிருந்தாள். முடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினாள். சுற்றியிருந்த பிள்ளைகளைப் பாடச் செய்தார். சிறுமியை இருந்த கதிரையோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு தன் வேலையையே தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் அவ்வாறு செய்து, பின்பு ஒரு நல்ல நித்திரையிலிருந்து எழுந்தவள் போல மலர்ந்த முகத்துடன் நிறுத்தினாள். குழந்தைகளுக்கு மனம் ஒருநிலைப்படாது என்று உலகம் நம்பியிருந்த கொள்கை அன்று அவர் கண்முன்னே உடைந்தது.

மற்றொரு நாள், உபகரணங்கள் வைத்திருந்த அலுமாரியை ஆசிரியை பூட்ட மறந்துவிட்டாள். பிள்ளைகள் தாமே எடுத்து வேலை செய்துகொண்டிருந்தனர். ஆசிரியைக்கு அது களவாகப்பட்டது. அம்மையாருக்கோ, தமக்கு வேண்டியது எதுவென்று பிள்ளைகள் அறிந்திருக்கின்றனர் என்பது புலனாயிற்று. அன்றுமுதல் பூட்டுள்ள அலுமாரி போய், சிறுகைகளுக்கு எட்டும் திறந்த தட்டுகள் வந்தன. பாரமான வாங்குகள் போய், பிள்ளையே தூக்கக்கூடிய சிறு மேசையும் கதிரையும் வந்தன. பரிசும் தண்டனையும் வேண்டாதனவாயின.

இன்னொரு நாள் மூக்குச் சிந்துவது எவ்வாறு என்று அவர் ஒரு பாடம் நடத்தினார். கைக்குட்டையை மடித்து, பிறர் காணாவண்ணம் ஓசையின்றித் துடைப்பதைச் செய்து காட்டினார். பிள்ளைகள் சிரிக்கவில்லை, பாடம் முடிந்ததும் கைதட்டி மகிழ்ந்தனர். மூக்கு ஒழுகுகிறது என்று ஏசுவோர் பலர். அதைத் துடைக்கும் முறையை மரியாதையுடன் சொல்லித் தந்தவர் அதுவரை ஒருவருமில்லை. ஏழைப் பிள்ளைக்கும் மானம் உண்டு என்பதை அவர் அன்று கற்றார்.

உபகரணங்களின் நுட்பமும் இங்கே குறிப்பிடத்தக்கது. ஒரு கட்டையிற் பத்துக் குழிகள், பத்து உருளைகள். ஒன்றைத் தவறான குழியில் வைத்தால் கடைசியிலே ஓர் உருளை இடமின்றி மிஞ்சும். ஆகவே பிழை என்று சொல்ல ஆசிரியர் வேண்டியதில்லை, கட்டையே சொல்லிவிடும். பிள்ளை வெட்கமின்றித் தன் பிழையைத் தானே திருத்துகிறது.

எழுத்துக்கும் இவ்வாறே வழி கண்டார். தச்சர் மரம் தேய்க்கும் சொரசொரப்பான தாளில் எழுத்துக்களை வெட்டி அட்டையில் ஒட்டினார். பிள்ளைகள் அவற்றை இரு விரல்களால் தடவி, அதன் ஓசையைச் சொல்லிப் பழகினர். இரண்டு மாதமளவிலே, வெயில் காய்ந்த ஒரு மாரிகால நாளில், மேல்மாடியில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் புகைபோக்கியொன்றை வரையும்படி கூறிச் சுண்ணக்கட்டியைக் கொடுத்தார். வரைந்த சிறுவன் அதன் கீழே அப்பெயரை எழுத்தாகவும் எழுதிவிட்டுத் தனக்கு எழுத வருகிறது என்று கூவினான். பார்த்த பிள்ளைகளும் சுண்ணக்கட்டி வாங்கி எழுதத் தொடங்கினர். கை எழுதக் காத்திருந்தது. நாள் வந்ததும் எழுதிற்று.

விஜயதசமியன்று பிள்ளையின் விரலைப் பற்றி அரிசியிலே அகரம் எழுதுவித்து ஏடு தொடக்கும் நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிக் கற்றவர்கள் நம் பாட்டனார்கள். விரல் கற்றதை அறிவு மறப்பதில்லை என்ற உண்மையை அவர்கள் வழக்கமாகக் கொண்டிருந்தனர்; மொண்டிசோரி அம்மையார் அதை ஆராய்ந்து விதியாகக் கண்டார்.

உலகப் புகழும் சோதனையும்

1909ஆம் ஆண்டில் அவர் தம் முறையை நூலாக வெளியிட்டார். சில ஆண்டுகளில் அது பல மொழிகளிலே பெயர்க்கப்பட்டது. 1915ஆம் ஆண்டு அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்துப் பொருட்காட்சியிலே கண்ணாடிச் சுவருள்ள வகுப்பறையொன்றை அமைத்தார். மக்கள் வெளியே நின்று பிள்ளைகள் கருமமே கண்ணாயிருப்பதைப் பார்த்தனர். கண்டனங்களும் எழாமலில்லை. கில்பாட்ரிக் என்ற அமெரிக்கக் கல்வியறிஞர், அவருடைய முறையிற் கற்பனைக்கும் கூட்டு விளையாட்டுக்கும் இடம் குறைவு என்று 1914இல் நூலெழுதினார். தம் முறையைப் பிறர் மாற்ற அம்மையார் இடங்கொடார் என்ற குறையும் சொல்லப்பட்டது.

இத்தாலியிலே முசோலினியின் ஆட்சி முதலில் அவர் பாடசாலைகளுக்கு ஆதரவு அளித்தது. அம்மையாரும் அதை ஏற்றார். சர்வாதிகாரியின் கையால் வாங்கிய உதவி நிலைக்கவில்லை. பிள்ளைகளைச் சிறு போர்வீரராக்க விரும்பிய ஆட்சியும், பிள்ளை தானே எண்ணித் துணியவேண்டும் என்ற கல்வியும் ஒரு கூரையின்கீழ் வாழ முடியுமா? 1934ஆம் ஆண்டில் இத்தாலியில் அவருடைய பாடசாலைகள் மூடப்பட்டன. அவர் நாட்டை விட்டு வெளியேறினார். ஸ்பெயினிலே பார்சலோனாவில் இருந்தார். 1936இல் அங்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. பின் ஒல்லாந்திற் புகலடைந்தார்.

தமிழ் நாட்டிலே

1931ஆம் ஆண்டு காந்தியடிகள் இலண்டன் சென்றிருந்தபோது, மொண்டிசோரி ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியிலே பேசினார். இக்கல்வி வசதியுள்ளோர் மக்களுக்கு மட்டுமன்றி ஏழைகளின் மக்களுக்கும் கிட்ட வேண்டும் என்னும் விருப்பத்தை அடிகள் அங்கே வெளியிட்டார். பாரத நாட்டிலோ, 1920ஆம் ஆண்டளவிலேயே குஜராத்தில் பாவ்நகரிலே கிஜுபாய் பதேகா என்னும் பெரியார் பாலர் மந்திரம் அமைத்து இம்முறையைத் தாய்மொழியிற் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்.

1939ஆம் ஆண்டின் இறுதியில், பிரமஞான சபைத் தலைவர் ஜோர்ஜ் அருண்டேல் அவர்களின் அழைப்பை ஏற்று, அறுபத்தொன்பது வயது அம்மையார் மகனுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அவர் கத்தோலிக்கர்; அழைத்தவர்கள் எல்லாச் சமயத்தையும் போற்றும் சபையினர். குழந்தையின் முன்னிலையில் அந்த வேறுபாடு தடையாகவில்லை. பாரத நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வந்த முந்நூறுக்கு மேற்பட்ட மாணவர் கூடிய அப்பயிற்சி வகுப்பு ஓலைக் கொட்டகைகளிலே நடைபெற்றது. அம்மையார் இத்தாலிய மொழியிற் பேச, மகன் மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

சில மாதத்துக்கென்று வந்தவரைக் காலம் பிடித்து நிறுத்திற்று. 1940ஆம் ஆண்டு ஜூன் மாதம் இத்தாலி யுத்தத்திற் குதித்தது. பிரித்தானிய அரசாங்கம் தாயையும் மகனையும் பகை நாட்டுப் பிரசைகள் என்று கணித்தது. மரியோ அகமத்நகரிலே தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார். தாயார் அடையாற்று வளவுக்குள் இருத்தப்பட்டார். முதுமையிலே, மொழி தெரியாத நாட்டிலே, மகனைப் பிரிந்த நிலை மறுபடியும் வந்தது. ஓகஸ்ட் 31ஆம் திகதி அவருக்கு எழுபது வயது நிறைந்தது. அன்று வைசிராயிடமிருந்து ஒரு தந்தி வந்தது. பிறந்தநாட் பரிசாக மகனை விடுவித்துத் தருவதாக அதிற் கண்டிருந்தது. அதுவரை உலகத்தின் முன் மருமகன் என்றும் வளர்ப்பு மகன் என்றும் சொல்லப்பட்டு வந்த மரியோவை, அத்தந்தி மகன் என்றே குறித்தது என்று அவர் சரிதத்திற் கூறப்படுகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மூடி வைத்த சொல்லொன்று அடையாற்றிலே வெளிப்பட்டது.

1942 முதல் 1944 வரை அவர்கள் கொடைக்கானல் மலையிலே வாழ்ந்தனர். அங்கு நடத்திய சிறு பாடசாலையில் அவருக்குத் துணைநின்றவர்களுள் இலங்கைப் பெண்மணியான லீனா விக்கிரமரத்ன குறிப்பிடத்தக்கவர். பிள்ளைகள் செடியையும் பூச்சியையும் கல்லையும் கண்டு, உலகிலுள்ள யாவும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை உணரும் கல்வி அம்மலையிலே உருப்பெற்றது. காவலில் இருந்த அவ்வாண்டுகள் வீணாகவில்லை. அவரது சிந்தனை முதிர்ந்த ஆண்டுகளே அவை.

பிறந்தது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தையின் மனம், பஞ்சு நீரை உறிஞ்சுவது போலச் சூழலை உறிஞ்சிக்கொள்ளும் என்பது அவருடைய முதிர்ந்த கொள்கை. முதல் மூன்று ஆண்டுகளில் இது அறியாமலே நிகழும். அடுத்த மூன்றாண்டுகளிற் கைகளின் மூலம் அறிந்து நிகழும். தாய்மொழியை எந்த ஆசிரியர் கற்பித்தார்? இலக்கணம் கேளாமலே பிள்ளை பேசுகிறது. கடுகண்ணாவையிலே சிங்களப் பிள்ளைகளுடன் முற்றத்தில் விளையாடும் நம் வீட்டுப் பிள்ளை இரண்டு மொழியையும் கலப்பின்றிப் பேசுவதை நாம் காணவில்லையா? அதே மொழியைப் பின்னாளிற் கற்கப் புகுந்த நாம் எவ்வளவு இடர்ப்படுகிறோம்! தாய் போகுமிடமெல்லாம் பிள்ளையைச் சுமந்து செல்லும் வழக்கம் இக்கல்விக்கு எவ்வளவு துணை செய்கிறது என்பதையும் அவர் தம் விரிவுரைகளில் விளக்கினார். ஆமதாபாத்திலே நிகழ்த்திய சொற்பொழிவுகளைக் கொண்ட இந்நூல் 1949ஆம் ஆண்டில் அடையாற்றிலிருந்தே முதலில் வெளிவந்தது. மேலை நாட்டார் பின்னரே அதைப் படித்தனர்.

1944ஆம் ஆண்டில் அவர் இலங்கைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர் விதைத்த வித்துத்தான் இன்று ஊர்தோறும் பெயர்ப்பலகையாய் நிற்கிறது.

1946இல் ஐரோப்பா சென்று, 1947இல் மீண்டும் இந்தியா வந்து, 1949 வரை பணிபுரிந்தார். சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு மூன்று முறை அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1952ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி, ஒல்லாந்து நாட்டுக் கடற்கரை ஊரான நூர்ட்வைக்கிலே, ஆபிரிக்காவுக்குச் சென்று பணிபுரிவது பற்றி மகனுடன் பேசிய அன்றே, எண்பத்தோராம் வயதில் உயிர் நீத்தார்.

நாம் செய்யத்தக்கது

அவருடைய கொள்கை வெறும் ஆசையா, அன்றி உண்மையா என்று பின்வந்தோர் சோதித்தனர். அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்து மொண்டிசோரிப் பாடசாலையிற் சேர விரும்பிய பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கித் தெரிவு செய்வது வழக்கம். சீட்டு விழுந்து சேர்ந்தவரையும் விழாமையால் வேறிடம் சென்றவரையும் ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டு 2006ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஐந்து வயதளவில், மொண்டிசோரிப் பிள்ளைகள் எழுத்திலும் எண்ணிலும் மட்டுமன்றி, பிறரோடு பிணக்கைத் தீர்த்துக்கொள்ளும் பண்பிலும் முன்னின்றனர்.

ஆனால் பெயர் வேறு, பொருள் வேறு. மொண்டிசோரி என்ற பெயரை எவரும் பலகையில் எழுதலாம், தடையில்லை. பலவிடங்களிலே நாலு வயதுப் பிள்ளை வரிசையில் இருத்தப்பட்டு, ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதி, வீட்டுப் பாடமும் சுமந்து வருகிறது. பெற்றோரும் அதையே கேட்டு வாங்குகின்றனர். எழுதாத பாலர் பாடசாலை தரமற்றது என்கின்றனர். அம்மையார் எந்தப் பூட்டைத் திறந்தாரோ, அந்தப் பூட்டை அவர் பெயராலேயே மறுபடி பூட்டுகிறோம்.

தோட்டத்துப் பிள்ளையின் நிலையையும் எண்ணுவோம். இந்நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் ஏற்றதோ 1970ஆம் ஆண்டுகளிலேதான். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையோ இன்னும் பெற்றோரின் மடிச்சீலையை நம்பியே இருக்கிறது. பிள்ளைக்காம்பராக்கள் இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் எனப் பெயர் மாறியுள்ளன. பெயருக்கேற்ற பொருளும் அவற்றுள் நிறைய வேண்டும். காந்தியடிகள் இலண்டனில் வெளியிட்ட விருப்பம் நம் வாசலில் இன்னும் காத்து நிற்கிறது.

ஐந்திலே வளைக்க வேண்டும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். அதை ஓங்கிய பிரம்பாகக் கொள்ளுதல் தவறு. கொடியை யாரும் பிடித்து வளைப்பதில்லை. கொழுகொம்பை நட்டுவிட்டு விலகி நிற்கிறோம், கொடி தானே படர்கிறது. அந்தக் கொழுகொம்பை நடுவதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. நம் சங்கத்து வாலிபருள் தச்சுத் தெரிந்தோர் மிஞ்சிய பலகையிலே உருளைக் கட்டைகள் செய்யலாம். எழுத்து வடிவறிந்தோர் சொரசொரப்பான தாளில் அகரம் முதல் வெட்டி ஒட்டலாம். சகோதரிகள் வாரத்தில் ஒருநாள், பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளிடையே ஒரு மணி நேரம் அமர்ந்து, பேசாது, தடுக்காது, அவர்கள் என்ன செய்கின்றனர் என்று பார்த்துக் குறித்து வரலாம்.

அந்த ஒரு மணி நேரப் பார்வையிலிருந்தே மொண்டிசோரி அம்மையார் தொடங்கினார். நாமும் அங்கிருந்தே தொடங்குவோமாக.